‘வியர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பல ஆண்டுகளாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்து முடித்து, ஏற்காட்டு விடுதிகளிலும் நகரத்து அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களே பெரும்பாலும் வருகிறார்கள். அவர்கள் கைபேசியிலும் திரைப்படத்திலும் நாள்தோறும் கேட்டு, பொருள் ஓரளவு பிடிபட்டும் முழுதாகப் பிடிபடாமல் என்னிடம் கொண்டுவரும் சொற்களில் ‘வியர்ட்’ முதன்மையானது. அகராதியில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தச் சொல்லைத் தவறான இடத்தில் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் மனம் புண்படும் என்பதால், இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘வியர்ட்’ என்றால் என்ன பொருள்?

இயல்புக்கு மாறானது, ஏன் அப்படி என்று விளங்காதது, பார்ப்பவர் மனத்தில் ஓர் உறுத்தலை உண்டாக்குவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ‘வியர்ட்’ ஆகும். இயல்புக்கு மாறாக இருப்பது மட்டும் போதாது.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். சேலத்து மாம்பழம் சித்திரை, வைகாசி மாதங்களில் சந்தைக்கு வருவது வழக்கம். கார்த்திகையில் ஒரு கூடை மாம்பழம் வந்தால் அது வழக்கத்துக்கு மாறானது, அவ்வளவுதான். அதற்கு ‘அன்யூஷுவல்’ என்ற சொல் போதும். தோப்பில் நூறு மரங்கள் இருக்க, ஒரே ஒரு மரத்தின் ஒரே ஒரு கிளை மட்டும் ஆண்டுதோறும் கார்த்திகையில் காய்க்கிறது, தோப்புக்காரருக்கும் காரணம் தெரியவில்லை, அந்தக் கிளையின் அடியில் நிற்கும்போது அவருக்கு இனம் தெரியாத ஒரு தயக்கம் வருகிறது என்றால், அப்போதுதான் ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்பார்கள். அந்தத் தயக்கம் மரத்தில் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. இந்தச் சொல் பொருளைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றினாலும், சொல்பவரின் மனநிலையைத்தான் அதிகம் சொல்கிறது. கீழே வரும் விடைகளில் பல, இந்த ஒரு செய்தியை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

டபிள்யூ, இ, ஐ, ஆர், டி என்ற ஐந்து எழுத்துகள். ‘ஐ’ முன்னும் ‘இ’ பின்னும் வரவேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதி இந்தச் சொல்லுக்குப் பொருந்தாது. ஆங்கிலேயர்களே இதைத் தவறாக எழுதுவது உண்டு.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு இரண்டு இடறல்கள் உள்ளன. முதலாவது, இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘வியர்டு’ என்று சொல்வது. தமிழில் வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடிவதில்லை என்பதால் நம் நாக்கு தானாகவே அந்த உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அது பெரிய குற்றம் அன்று. இரண்டாவது, ‘வயர்ட்’ என்று சொல்லிவிடுவது. அது கம்பி இணைக்கப்பட்டது என்று பொருள்படும் வேறு சொல். இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் கேட்பவருக்குப் பொருளே மாறிவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் ‘விர்ட்’ என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. அதன் பொருள் விதி. தமிழில் சொன்னால் ‘ஊழ்’. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்; எனக்கும் இந்தச் சொல்லின் மீது பற்று வந்தது இந்த இடத்தில்தான்.

பழைய ஆங்கிலத்தின் பெருங்காப்பியமான பேயோவுல்ஃபில், போருக்குப் புறப்படும் வீரன், விதி எப்போதும் தான் போக வேண்டிய வழியிலேயே போகும் என்று கூறித் தன் பேச்சை முடிக்கிறான். விதி என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். நம்மிடம் வள்ளுவர், ‘ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்’ என்று 380ஆவது குறளில் சொல்கிறார். இரண்டு மொழிகளுக்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் மனிதன் வேறு வழி தேடினாலும் முன்னால் வந்து நிற்கும் அந்த வலிமையை இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி உணர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர்ச்சொல்லின் வேர், ‘ஆகுதல்’ என்னும் பொருளுடைய ஒரு பழைய வினைச்சொல். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘வேர்டன்’ என்றால் ஆகுதல். அதற்கும் ஆழத்தில் ‘திரும்புதல், சுழலுதல்’ என்ற பொருளில் இந்தோ–ஐரோப்பிய வேர் ஒன்று உள்ளது. வடமொழியில் ‘வ்ருத்’ என்று வழங்குவதும் அதே வேர்தான். அதிலிருந்து பிறந்த ‘வ்ருத்த’ என்னும் சொல் தமிழுக்கு வந்து ‘விருத்தம்’ ஆயிற்று. கம்பன் பாடிய விருத்தமும், இன்று இளைஞர்கள் சொல்லும் ‘வியர்ட்’டும் மிகத் தொலைவான உறவினர்கள் என்று சொன்னால் நம்புவது கடினம்தான், ஆனால் சொல்வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

விதி என்ற பொருள் எப்படி விசித்திரம் என்று மாறியது?

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் ஷேக்ஸ்பியர். இங்கிலாந்தின் தென்பகுதியில் இந்தச் சொல் மெல்ல வழக்கொழிந்து வந்தபோது, வடக்கே ஸ்காட்லாந்தில் அது உயிரோடு இருந்தது. மனிதரின் விதியை அறிந்து சொல்லும் மூன்று பெண்களை அங்கே ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்றார்கள். 1577இல் வெளிவந்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் அந்த மூவர் வருகிறார்கள். விதியின் தெய்வங்கள் என்ற விளக்கமும் அங்கே இருக்கிறது. அந்த நூலை மூலமாகக் கொண்டு, 1606ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட மெக்பெத் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அவர்களை மேடை ஏற்றினார்.

நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? பாழ்வெளி, இடிமுழக்கம், தாடியுள்ள பெண்கள், கொதிக்கும் கொப்பரை. ‘வியர்ட்’ என்றால் விதி என்பது பலருக்கு மறந்துபோயிருந்ததால், அந்த மூவரின் தோற்றமே அந்தச் சொல்லின் பொருள் என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில்கூட இந்தச் சொல் ஒரே விதமாக எழுதப்படவில்லை. அச்சுக் கோத்தவர்களுக்கே அது பழக்கமில்லாத சொல்லாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி போன்ற கவிஞர்கள் அச்சம் கலந்த மர்மம் என்ற பொருளில் இதை எடுத்தாண்டார்கள். அங்கிருந்து இன்னும் இளகி, இன்று கைபேசி சரியாக வேலை செய்யாவிட்டாலும் ‘வியர்ட்’ என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது.

சொற்கள் இப்படித் தேய்வது தமிழிலும் உண்டு. ‘பயங்கரம்’ என்பது அச்சம் தருவது. இன்று, ‘தட்டுவடை செட் பயங்கரமா இருந்துச்சு’ என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சொன்னால் அது மிகச் சுவையாக இருந்தது என்று பொருள்.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

ஒரே சொல் கிடையாது. இடத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அகராதிகள் ‘விசித்திரம்’ என்று தருகின்றன. வடமொழியில் அதன் முதற்பொருள் பல நிறங்கள் கலந்தது, பலவகைப்பட்டது என்பது. அதனால் அந்தச் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்கிறது. மனத்தின் உறுத்தல் குறைவு. ‘வினோதம்’ என்பது முதலில் பொழுதுபோக்கையும் மகிழ்ச்சியையும் குறித்த சொல் என்பதால், அதில் ஓர் இலேசான இன்பம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை இரண்டு கால்களிலும் வேறு வேறு நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் அது வினோதம். ‘அமானுஷ்யம்’ என்றால் மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டது. பேய்க்கதைகளுக்கு அது பொருந்தும், கைபேசிக் கோளாறுக்குப் பொருந்தாது. ‘விபரீதம்’ என்றால் கேடு வரப்போகிறது என்ற எச்சரிக்கை அதில் உள்ளது.

இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது நாம் பேச்சில் நாள்தோறும் சொல்லும் ‘ஒரு மாதிரி’ என்ற தொடர்தான். இதை நான் ஒரு பேருந்துப் பயணத்தில் கண்டுகொண்டேன். மார்கழி மாதம் ஒரு மாலையில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். மலைப்பாதையில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், பனி இறங்கிவிட்டது. முன்விளக்கின் ஒளி பத்தடி தூரத்தில் ஒரு வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பியது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். நடத்துநர் படிக்கட்டில் இறங்கி நின்று, டார்ச் விளக்கைத் தரையில் அடித்துப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, ‘என்னமோ ஒரு மாதிரியா இருக்குதுங்க அண்ணா. இந்த வளைவுல எப்பவும் தண்ணிச் சத்தம் கேட்கும், இன்னிக்குக் கேட்கல’ என்றார்.

யாரும் பேசவில்லை. எனக்கு முன்னிருக்கையில் இருந்த அம்மா மடியில் இருந்த குழந்தையின் தலையைச் சேலை முந்தானையால் மூடினார். தண்ணீர்ச் சத்தம் இல்லாததற்குக் காரணம் எளியதாக இருக்கலாம். ஓடை வற்றியிருக்கலாம், நாங்கள் வேறு வளைவில் நின்றிருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் அவர் சொன்ன ‘ஒரு மாதிரி’யில் இயல்புக்கு மாறானதும் இருந்தது, விளங்காமையும் இருந்தது, உறுத்தலும் இருந்தது. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ‘இட் ஃபீல்ஸ் வியர்ட்’ என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது.

எழுத்துத் தமிழுக்கு வரும்போது ‘ஒரு மாதிரி’ சற்றுத் தளர்ந்து நிற்கும். அங்கே ‘இனம் புரியாத’, ‘இயல்பு பிறழ்ந்த’, ‘மருட்சியூட்டும்’ என்று இடத்துக்கேற்ப எழுதலாம்.

பழந்தமிழில் இந்த உணர்வுக்குச் சொல் இருந்ததா?

இருந்தது, அதுவும் மிக நுட்பமாக இருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று ‘மருட்கை’. ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே’ என்பது நூற்பா. முன்பு காணாதது, அளவுக்கு மிஞ்சிப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகிய நான்கிலிருந்தும் மருட்கை பிறக்கிறது. நான்காவதாகச் சொல்லப்படும் ‘ஆக்கம்’ என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த சொல். ‘வியர்ட்’டின் வேர்ப்பொருளும் ஆகுதல்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா?

‘மதிமை சாலா’ என்பதற்கு அறிவுக்கு அடங்காத என்று பொருள் கொண்டால், விளங்காமை என்ற கூறும் அந்த ஒரே நூற்பாவில் கிடைத்துவிடுகிறது.

அச்சத்துக்கு உரிய நூற்பாவில் ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையென’ என்று அச்சம் பிறக்கும் நான்கு இடங்கள் வருகின்றன. விலங்கும் கள்வரும் அரசரும் கண்முன் நிற்பவர்கள். அணங்கு அப்படி அன்று. மலையிலும் சுனையிலும் இருப்பதாக உணரப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாமல் வருத்துவது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் ‘வியர்ட்’ என்று எழுதிய இடங்களைத் தமிழில் பெயர்க்கும்போது ‘அணங்குடை’ என்ற அடை பல இடங்களில் அழகாகப் பொருந்தும். இன்றைய பேச்சுவழக்கு ‘வியர்ட்’டுக்கு அது மிகக் கனமான சொல்.

‘ஸ்ட்ரேஞ்ச்’, ‘ஆட்’, ‘பெக்யூலியர்’ எல்லாமே விசித்திரம்தானே? என்ன வேறுபாடு?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்த சொல். வேரைத் தெரிந்துகொண்டால் பயன்பாடு மறக்காது.

‘ஸ்ட்ரேஞ்ச்’ இலத்தீனில் ‘வெளியிலிருந்து வந்த’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்றால் அயலார். ஆகவே பழக்கமில்லாதது எதுவும் ‘ஸ்ட்ரேஞ்ச்’ ஆகலாம். பழகிவிட்டால் அந்தத் தன்மை போய்விடும். முதல்முறை ஏற்காடு வருபவருக்குக் காப்பிப் பூவின் மணம் ‘ஸ்ட்ரேஞ்ச்’. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது வீட்டு மணம்.

‘ஆட்’ பழைய நார்ஸ் மொழியில் முனையையும் முக்கோணத்தையும் குறித்த சொல். இருவருக்கு நடுவே தீர்ப்புச் சொல்லும் மூன்றாமவரும் அந்தச் சொல்லாலேயே அழைக்கப்பட்டார். இணை சேராமல் தனித்து நிற்பது என்பதே அதன் கரு. புளியங்கொட்டையைக் கைக்குள் மறைத்து ‘ஒத்தையா, ரெட்டையா’ என்று விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த ‘ஒத்தை’தான் இது.

‘பெக்யூலியர்’ எனக்கு மிகவும் பிடித்த கதை. இலத்தீனில் ‘பெகு’ என்றால் கால்நடை. அதிலிருந்து, ஒருவருக்கே உரிய சொத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. அதிலிருந்து ‘ஒருவருக்கே உரிய தன்மை’, பிறகு ‘மற்றவரிடம் காணாத தன்மை’. தமிழிலும் மாடு என்றால் செல்வம். ‘கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற 400ஆவது குறளில் வரும் ‘மாடு’ அந்தப் பொருளில்தான் வருகிறது. ஆகவே ‘பெக்யூலியர் டு’ என்று எழுதினால் ‘ஒன்றுக்கே உரிய’ என்று பொருள். அதில் இழிவு எதுவும் இல்லை.

‘அன்கேனி’ என்பது ‘அறிதல்’ என்ற வேரிலிருந்து, எதிர்மறை முன்னொட்டுப் பெற்று, ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்தது. நன்கு அறிந்ததே அறியாததுபோல் தோன்றும் நிலைக்கு அது மிகப் பொருத்தம். இறந்துபோன பாட்டியின் குரல் அப்படியே பேத்தியிடம் கேட்டால் அது ‘அன்கேனி’. ‘ஈரி’ என்றால் ஆள் அரவமற்ற இடத்தின் திகில். ‘குவர்க்கி’ என்றால் விரும்பத்தக்க கோணல்.

‘குயீர்’ என்ற சொல்லைப் பழைய கதைகளில் விசித்திரம் என்ற பொருளில் காண்பீர்கள். இன்று அது பால், பாலீர்ப்பு சார்ந்த ஓர் அடையாளத்தின் பெயர். வசையாக எறியப்பட்ட சொல்லை அந்த மக்களே மீட்டெடுத்துத் தம் பெயராக ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே விசித்திரம் என்ற பொருளில் இன்று அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு மனிதரையோ அவருடைய வழக்கத்தையோ ‘வியர்ட்’ என்று சொல்லலாமா?

கூடுமான வரையில் கூடாது என்பதே என் விடை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவரின் தாளைத் திருத்தும்போது.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் வரவேற்பில் பணிபுரிந்த அந்த இளைஞரிடம், வரும் விருந்தினருக்காகச் சுற்றுலா இடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்லியிருந்தார்கள். அவர் சேர்வராயன் கோவிலைப் பற்றி எழுதியிருந்தார். மலையுச்சியில், தாழ்ந்த குகைக்குள், சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்டிருக்கும் கோவில் அது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கை ஊன்றும் இடத்தில் பாறை குளிர்ந்திருக்கும். விளக்கின் ஒளி பழகும்வரை எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. இவற்றையெல்லாம் நன்றாகவே எழுதிவிட்டு, கடைசியில் அதை ஒரு ‘வியர்ட்’ கோவில் என்று முடித்திருந்தார். ஆண்டுதோறும் மே மாதத்தில் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டுவந்து அங்கே விழா எடுப்பதை அடுத்த வரியில் எழுதி, அதற்கும் அதே அடைமொழியைத் தந்திருந்தார்.

அவர் இழிவாக எண்ணி எழுதவில்லை. வியப்பூட்டுவது என்று சொல்ல நினைத்தார். அந்தத் தாளில் சிவப்பு மையால் அடிக்கக் கை வரவில்லை. ‘உங்கள் அம்மாவுக்கு அந்தக் கோவில் எப்படி?’ என்று மட்டும் கேட்டேன். அவருடைய அம்மா மலைக்கிராமத்தில் பிறந்தவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அம்மாவுக்கு அது குலசாமிங்க சார்’ என்றார். அந்த அடைமொழி இரண்டு இடங்களிலும் போயிற்று. குகைக்கு ‘ரிமார்க்கபிள்’ என்றும், விழாவுக்கு எந்த அடைமொழியும் இல்லாமல் நடப்பது என்ன என்பதை விவரித்தும் அவரே மாற்றி எழுதினார். பக்கம் முன்னைவிட மேலும் நன்றாக அமைந்தது.

சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆளும் மக்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள், அடுத்த மூச்சில் இவர்களுடைய வழக்கங்களை ‘வியர்ட்’ என்றும் சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன். தான் நிற்கும் இடமே நடு என்று எண்ணுபவருக்குத்தான் மற்ற எல்லாம் ஓரமாகத் தெரியும்.

உணவைப் பற்றிச் சொல்லலாமா?

விருந்தளித்தவர் முன்னால் சொல்ல வேண்டாம். ‘டிஃபரன்ட்’ என்றோ, ‘இதுவரை சாப்பிட்டதில்லை’ என்றோ சொன்னால் போதும்.

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எழுதலாமா?

‘வியர்ட்’ இன்று பேச்சு நடையைச் சேர்ந்தது. கடிதத்தில் ‘அன்யூஷுவல்’, அறிக்கையில் ‘எதிர்பாராத’ என்று பொருள்படும் ‘அனெக்ஸ்பெக்டட்’ ஆகியவை தகும். கணினியில் கோளாறு என்று மேலாளருக்கு எழுதும்போது ‘வியர்ட்’ என்று எழுதினால், என்ன கோளாறு என்பது அவருக்குத் தெரியாது. எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். கதை, நாட்குறிப்பு, நண்பருக்கு அனுப்பும் செய்தி ஆகியவற்றில் தாராளமாக எழுதலாம்.

‘வியர்டோ’ என்றால்?

ஆளைக் குறிக்கும் வசைச்சொல். 20ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பொருள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சொல்லிப் பழக வேண்டாம். நம் தெருவில் ‘அவன் ஒரு மாதிரி’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்து கண் ஓரமாகப் போகும் அல்லவா, அதே நிழல் இதிலும் உண்டு.

நல்ல பொருளில் இந்தச் சொல் வருவதே இல்லையா?

வருகிறது. 1923இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற இதழ், அறிவுக்கு எட்டாத திகிலையும் கற்பனையையும் கலந்த கதைகளை வெளியிட்டது. அந்தக் கதைவகைக்கே இன்று இந்தச் சொல் பெயராக நிலைத்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில், ஊரின் தனித்தன்மையையும் சிறு கடைகளையும் காக்க விரும்பியவர்கள், ஆஸ்டினை ‘வியர்ட்’டாகவே வைத்திருங்கள் என்பதை 2000ஆம் ஆண்டு முதல் முழக்கமாகக் கொண்டார்கள். தன்னைத் தானே ஒருவர் இப்படி அழைத்துக்கொள்ளும்போது அது பெருமிதம். பிறரை அழைக்கும்போதுதான் முள் முளைக்கிறது.

உளவியல் கட்டுரைகளில் பெரிய எழுத்துகளில் ‘வியர்ட்’ என்று வருகிறதே, அது என்ன?

அது ஐந்து சொற்களின் முதலெழுத்துகள். மேற்கத்திய, கல்வி கற்ற, தொழில்மயமான, செல்வமுள்ள, மக்களாட்சி நடக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்று விரியும். 2010இல் ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரன்சாயன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் இது பரவியது. மனித மனம் இப்படித்தான் என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் அத்தகைய சமூகங்களின் மனிதர்களை, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்தே நடத்தப்பட்டன. உலக மக்களோடு ஒப்பிட்டால் பல தன்மைகளில் அவர்களே விதிவிலக்கானவர்கள் என்று அவர்கள் காட்டினார்கள். யார் யாரைப் பார்த்து ‘வியர்ட்’ என்று சொல்வது என்ற கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிய பெயர் அது. முன்பு சொன்ன குகைக்கோவில் பக்கத்தைத் திருத்திய மாணவருக்கு இதைச் சொன்னபோது, அந்த ஐந்து சொற்களையும் எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

‘வியர்டா இருக்கு’ என்று தமிழோடு கலந்து பேசுவது தவறா?

நண்பர்களுக்குள் பேசுவதை யாரும் தடுக்க முடியாது, நானும் தடுப்பதில்லை. ஆனால் அப்படிச் சொல்ல வரும்போது ஒரு நொடி நின்று, நான் உணர்வது என்ன என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பயமா, வியப்பா, எரிச்சலா, கூச்சமா? பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அதற்குத் தமிழில் சொல் காத்துக்கொண்டிருக்கும். எதுவுமே இல்லை, இனம் தெரியவில்லை என்றால் ‘ஒரு மாதிரி’ இருக்கவே இருக்கிறது.

மெக்பெத்தில் வரும் மூவரைத் தமிழில் எப்படி அழைப்பது?

‘விசித்திர சகோதரிகள்’ என்பது பொருந்தாது. விதி அதில் இல்லை. ‘சூனியக்காரிகள்’ என்றால் அச்சம் மட்டும் வருகிறது, பின்னால் நடக்கப்போவதை அறிந்தவர்கள் என்பது விடுபடுகிறது. ‘ஊழ்ச் சகோதரியர்’ என்று நான் நெடுநாளாகக் கரும்பலகையில் எழுதிவந்தேன். பொருள் சரி, ஆனால் மேடையில் நடிகர் சொன்னால் பின்வரிசைக்குப் புரியாது.

போன ஆண்டு வகுப்பில் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு மாணவி, எழுந்து நிற்காமலே, ‘குறிகாரிகள்னு சொல்லலாமா சார்?’ என்று கேட்டார். தெருமுனையில் சிறு கோலோடு வந்து நின்று, கையைப் பிடித்து, நடக்கப்போவதைச் சொல்லும் பெண்கள். சொல்வது பலித்துவிடுமோ என்று வீட்டுக்காரர்கள் உள்ளூர அஞ்சும் பெண்கள். விதியும் அச்சமும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. ‘ஊழ்ச் சகோதரியர்’ என்பதை அழித்துவிட்டு அதை எழுதினேன்.